வீடு எவரை விளித்தல் வேண்டும்?

எமது கல்லூரியின் யூபிலி மலருக்குக் கட்டுரை ஒன்று தருமாறு மலர்க் குழுவினர் கேட்டபோது, கல்வி, சமயம், பண்பாடு என்னும் உயர்பொருள்களுள் ஒன்றையே நாம் எழுதுவோமென அவர்கள் எதிர்பார்த்திருத்தல் கூடும். அவற்றை எழுத எம்மினும் வல்லார் பலர் உளர். நாம் எடுத்துக்கொண்டதோ வீட்டில் பொருத்தும் மின்பொறிகளும் கைத்தொலைபேசிக்கு அவை அனுப்பும் அறிவித்தல்களும் பற்றிய சிறுபொருள். சிறிதெனினும், பழைய மாணவருட் பலரது பெற்றோரின் உயிரோடு தொடர்புடையது ஆதலின், இம்மலரில் இதற்கு இடமுண்டு என்பது எமது துணிபு.

நுகேகொடையிலும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உள்ள தமிழர் இல்லங்களை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். 1983ஆம் ஆண்டின் பின்னர் இல்லந்தோறும் பிள்ளைகள் கடல் கடந்தனர். ஒருவர் ரொறொன்ரோவில், ஒருவர் இலண்டனில், மற்றொருவர் மெல்பேணில். இங்கே எஞ்சியிருப்பவர் முதியோர். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போதே இந்நாட்டவரில் ஏறத்தாழ எட்டில் ஒருவர் அறுபது வயதைக் கடந்திருந்தனர். தனித்திருக்கும் தாயை எண்ணித் துயில் கெடும் மைந்தர் இக்காலத்தில் நாடுவது, வீட்டையே பேசச் செய்யும் பொறியினை.

அப்பொறி யாதெனச் சுருங்கக் கூறுவோம். கதவு திறந்ததையும், ஆள் நடமாடுவதையும், நீர்த்தாங்கி நிரம்பியதையும் உணரும் சிறு கருவிகள் வீடெங்கும் பொருத்தப்படும். அவை யாவும் உள்ளங்கையளவான ஒரு கணினிக்குச் செய்தி தரும். 2012ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த ராஸ்பெரி பை இத்தகையதொரு கணினி. அதனை ஆளும் மென்பொருள்களுட் புகழ்பெற்றது ஹோம் அசிஸ்டன்ட் என்பது. பவுலஸ் ஸ்கவுட்சன் என்பார் 2013ஆம் ஆண்டில் தொடங்கிய இதனை எவரும் விலையின்றிப் பெறலாம். ‘இன்னது நிகழின் இன்னது செய்க’ என நாம் விதி எழுதி வைத்தால், அது வழுவாது அவ்விதியைப் பின்பற்றும். அவ்விதிகளுட் பெரும்பாலானவை முடிவது ஓர் அறிவித்தலில். இளைஞர் இதனை ‘நோட்டிபிகேஷன்’ என்பர். நாம் தேடிப் போகாமலே நம் கைத்தொலைபேசியை வந்தடைந்து ஒலிப்பது இதன் இயல்பு.

எம் தமக்கையார் வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடி வீட்டில் தனித்து வாழ்பவர். அவருக்கு இப்போது எண்பது கடந்துவிட்டது. அவருடைய மகன், எம் மருமகன், ரொறொன்ரோவில் இருக்கிறான். சில ஆண்டுகளுக்கு முன் விடுமுறையில் வந்தவன், தாயின் வீட்டில் மேற்கூறிய ஒழுங்கு முழுவதையும் தன் கையாலேயே செய்துவைத்தான். வாயிற்கதவு திறந்தால் அறிவித்தல். குளிரூட்டுபெட்டி திறந்தால் அறிவித்தல். கூடத்தில் நடந்தால் அறிவித்தல். மின்விளக்கு எரிந்தால் அறிவித்தல். அவற்றோடு ஒன்றாக, குளியலறைக் கதவு இருபது நிமிடத்துக்கு மேல் மூடியிருந்தாலும் அறிவித்தல். யாவும் ஒரே ஒலியில், ஒரே வடிவில், ஆங்கிலத்தில் வந்தன. “மாமா, நீங்களும் பக்கத்திலை இருக்கிறியள்தானே” என்று கூறி எமது கைத்தொலைபேசியையும் அப்பட்டியலிற் சேர்த்தான்.

ஒரு கிழமை நாம் பொறுத்தோம். தமக்கையார் தேநீர் ஊற்ற எழுந்தால் நுகேகொடையில் எமது சட்டைப்பை அதிர்ந்தது. பூசையறை விளக்கை அவர் ஏற்றியபோதும் அதிர்ந்தது. எட்டாம் நாள் அவ்வொலியை நாமே நிறுத்திவைத்தோம். அதனை மருமகனுக்கு அறிவிக்கவுமில்லை. அவனும் தன் பங்குக்கு அலுவலக நேரத்தில் ஒலிக்காதவாறு செய்திருந்தான் என்பதைப் பின்னரே அறிந்தோம்.

2023ஆம் ஆண்டு மார்கழியில் ஓரிரவு பதினொரு மணியளவில் தமக்கையார் குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது, எழ இயலவில்லை. பொறி தன் கடமையிற் தவறவில்லை. இருபது நிமிடங் கழிந்ததும் அறிவித்தலை அனுப்பியது. ரொறொன்ரோவில் அப்போது நண்பகல் கடந்த வேளை. மகன் அலுவலகத்தில் இருந்தான், தொலைபேசி ஒலிக்கவில்லை. நுகேகொடையில் எமது கட்டிலருகே கிடந்த தொலைபேசியும் ஒலிக்கவில்லை. அலுவல் முடிந்து வெளிவந்தபோது, அன்றைய அறிவித்தல்களின் நீண்ட வரிசையிடையே அதனைக் கண்டு, அவன் பதறியடித்து எம்மை அழைத்தான். இங்கே அதிகாலை நான்கு மணி. ஏறத்தாழ ஐந்து மணி நேரம் எம் தமக்கையார் ஈரத்தரையிற் கிடந்தார். எதிர்வீட்டில் வாழும் ஓய்வுபெற்ற சிங்கள ஆசிரியையாரிடம் அவ்வீட்டின் மாற்றுத் திறப்பு ஒன்று எப்போதும் உண்டு. பத்தடி தூரத்தில் உறங்கிய அவ்வம்மையாரின் எண் அப்பட்டியலில் இருக்கவில்லை.

தமக்கையார் தேறினார்; இன்று ஊன்றுகோலுடன் நடமாடுகிறார். ஆயினும் அன்று தவறியது பொறியன்று, நாமே என்னும் எண்ணம் எம்மை விட்டு நீங்கவில்லை. அதன் பயனாக யாம் அடைந்த கொள்கை ஒன்றுண்டு. வீடு அரிதாகவே பேசுதல் வேண்டும். பேசும்போது, எழுந்து சென்று கதவைத் திறக்க வல்லவரிடம் முதலிற் பேசுதல் வேண்டும். இவ்விரண்டும் இல்லாதவிடத்து எத்துணை உணரிகள் இருப்பினும் பயனில்லை.

முதலாவதை எண்ணுவோம். நாம் பயின்ற காலத்தில் எமது கல்லூரி மணி ஒரு நாளிற் சில முறையே ஒலிக்கும். ஒவ்வோர் ஒலிக்கும் ஒரு செயல் இருந்தது: வகுப்புக்குச் செல்க, உணவுக்குச் செல்க, வீட்டுக்குச் செல்க. வேளையல்லா வேளையில் அது ஒலித்தால் யாவரும் மைதானத்துக்கு ஓடினோம். மாணவன் ஒருவன் இருமுந்தோறும் மணியடித்திருந்தால் எவர் செவிசாய்த்திருப்பர்? அளவுக்கு மிஞ்சிய எச்சரிக்கை எச்சரிக்கையே அன்று. 1979 மார்ச் 28ஆம் நாள் அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் விபத்து நேர்ந்தபோது, நூற்றுக்கு மேற்பட்ட எச்சரிக்கைகள் சில நிமிடங்களுள் எழுந்தமையால் எது முதன்மையானது என இயக்குநர் பகுத்தறிய இயலாது இடருற்றனர். அந்நாட்டில் மருத்துவமனைகளின் தரத்தை மதிப்பிடும் கூட்டு ஆணையம் 2013ஆம் ஆண்டில் மற்றொன்றை எடுத்துக்காட்டியது. 2009 ஜனவரி முதல் 2012 ஜூன் வரை, நோயாளர் கருவிகளின் எச்சரிக்கை ஒலிகள் தொடர்பில் அதற்கு அறிவிக்கப்பட்ட சம்பவங்கள் 98. அவற்றுள் 80 மரணத்தில் முடிந்தன. ஓயாத ஒலியாற் செவி மரத்துப்போதல் அதற்குக் காட்டப்பட்ட காரணங்களுள் முதன்மையானது. பயிற்சி பெற்ற தாதியர்க்கே இந்நிலையாயின் எம்மனோர்க்கு என்ன சொல்ல?

பண்டு செய்தி அனுப்புதல் செலவும் முயற்சியும் மிக்கதாயிருந்தது. 1850ஆம் ஆண்டளவில் ‘சிலோன் ஒப்சேவர்’ பத்திரிகையார் காலித் துறைமுகத்துக்கு வந்த கப்பல்களின் செய்தியைப் புறாக்கள் வாயிலாகக் கொழும்புக்குப் பெற்றனர். 1858இல் கொழும்புக்கும் காலிக்குமிடையே தந்திக் கம்பி இடப்பட்டது. தந்திக்குச் சொல்லுக்கு இவ்வளவெனக் காசு கொடுத்தோம். ஆகவே அனுப்புமுன் சொல்லை எண்ணினோம். தந்திச் சேவகர் படலையிற் கண்டால் வீட்டார் நெஞ்சு துணுக்குறும். எவரும் அதனைப் பிரியாது மேசையில் வைப்பதில்லை. இன்றைய அறிவித்தலுக்குக் காசில்லை; ஆதலின் சிந்தனையும் இல்லாதொழிந்தது. அக்காசு போனது நன்றே. சிந்தனையை மட்டும் நாமே மீட்டுக்கொள்ளல் வேண்டும். விதி எழுதும் ஒவ்வொருவரும் தம்மையே ஒரு வினா வினவுக: இச்செய்தி வந்தால் இதனைப் பெறுபவர் என்ன செய்வார்? விடை ‘ஒன்றுமில்லை’ எனின் அவ்விதியை அழித்துவிடுக. அறிந்துவைத்தால் நன்றெனத் தோன்றுவனவற்றை நாளிறுதியில் ஒரே குறிப்பாகத் தொகுத்தனுப்பலாம். எம் தமக்கையார் வீட்டிலும் இவ்வாறே களைந்தோம். எஞ்சியவை நான்கு: குளியலறைக் கதவு, சமையலறைப் புகை, நள்ளிரவில் வாயிற்கதவு, காலை ஒன்பது மணி வரை நடமாட்டமின்மை.

எஞ்சிய நான்குக்கும் தனி ஒலி அமைத்தல் வேண்டும். அன்ட்ரொயிட் தொலைபேசிகளில் 2017ஆம் ஆண்டு முதல் அறிவித்தல்களை வகைவகையாகப் பிரித்து வெவ்வேறு ஒலி கொடுக்க இயலும். அப்பிள் நிறுவனம் 2018இல், ஒலி அடக்கிய தொலைபேசியையும் ஒலிக்கச் செய்யும் தனி வகையொன்றைத் தன் அனுமதி பெற்ற செயலிகளுக்கு வழங்கியது. ஹோம் அசிஸ்டன்ட் செயலியில் அது உண்டு. இவ்வசதிகளைப் பூசையறை விளக்குக்கும் பயன்படுத்துவோமாயின் மீண்டும் பழைய கதையே ஆகும்.

இரண்டாவது, எவர்க்கு என்பது. பிள்ளைகள் தம்மையே முதலில் எழுதிக்கொள்வது அன்பினால். ஆயின் அன்பு ரொறொன்ரோவிலிருந்து கதவைத் திறக்கமாட்டாது. முதல் அறிவித்தல் வீட்டினுள்ளேயே ஒலித்தல் வேண்டும். “நலமாயிருக்கிறேன்” என ஒரு பொத்தானை அழுத்த முதியவர்க்கு இரண்டு நிமிடம் கொடுத்தல் முறை. அவர் அழுத்தாவிடின் அயலவர்க்கும், அருகில் வாழும் உறவினர்க்கும் செல்லட்டும். அவ்வறிவித்தலிலேயே “நான் பார்க்கிறேன்” என்னும் பொத்தான் இருக்கட்டும். ஐந்து நிமிடத்துள் எவரும் அதனைத் தொடாவிடின் அடுத்தவரை அழைக்கட்டும். கடல் கடந்த மைந்தர்க்குச் செய்தி போகவேண்டியதே. ஆயின் இங்குள்ளவரைத் துயிலெழுப்பும் பொறுப்பே அவர்க்குரியது. அயலவரின் எண்ணும், அவரிடம் ஒரு திறப்பும் இல்லாத இடத்து எந்த உணரியையும் வாங்குவதற்கு முன் அவ்விரண்டையும் பெறுக என்போம்.

மொழியும் ஈண்டுச் சிந்திக்கத்தக்கது. பொறி தரும் ஆங்கிலத் தொடரை அப்படியே ஏற்க வேண்டுமென்பதில்லை. அறிவித்தலின் வாசகம் நாம் எழுதுவதே. தமக்கையார்க்குத் தமிழில், எதிர்வீட்டு அம்மையார்க்குச் சிங்களத்தில், பேரப்பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் என ஒரே நிகழ்ச்சியை மும்மொழியில் அனுப்பலாம். இணையம் அற்றபோது குறுஞ்செய்தியை நம்ப வேண்டி வரும். ஒரு குறுஞ்செய்தியில் ஆங்கில எழுத்து 160 அடங்கும். தமிழிலோ 70 குறிகளே அடங்கும். அவற்றுள்ளும் கால், கொம்பு, புள்ளி யாவும் தனித்தனியே எண்ணப்படும். ‘அக்கா குளியலறையில் 20 நிமிடம். போய்ப் பாருங்கள்.’ என்பது அவ்வெல்லைக்குள் அடங்கும். யார், எங்கே, என்ன செய்ய வேண்டும் என்னும் மூன்றும் அதில் உள. இதற்கு மேற் சொல்ல வேண்டுவதில்லை.

இனி, நாம் இரண்டாம் முறை கற்ற பாடம் ஒன்றுண்டு. 2025 பெப்ரவரி 9ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, முற்பகல் பதினொன்றரை மணியளவில் நாடு முழுவதும் மின்சாரம் அற்றது. பாணந்துறையிலுள்ள உபமின்நிலையத்தில் குரங்கொன்று மின்மாற்றியோடு தொடர்புற்றமையே காரணமென வலுசக்தி அமைச்சர் கூறியது பலருக்கு நினைவிருக்கும். மின்சாரம் அற்றதும் தமக்கையார் வீட்டுக் கணினியும் இணையப் பெட்டியும் அணைந்தன. ரொறொன்ரோவில் அப்போது இரவு ஒரு மணி. விடிந்தெழுந்த மருமகன் தொலைபேசியைப் பார்த்தான், அறிவித்தல் ஒன்றுமில்லை, “அம்மா சுகமாக இருக்கிறா” என மகிழ்ந்து வேலையைப் பார்த்தான். பேச நாவற்றுக் கிடந்த வீட்டை அமைதியான வீடென எண்ணிவிட்டான். அன்று தீங்கேதும் நேரவில்லை. நேர்ந்திருந்தால் அறிவிக்க எதுவும் இருக்கவில்லை.

இதற்கு மருந்து உண்டு. 1999ஆம் ஆண்டில் அண்டி ஸ்டான்போர்ட் கிளார்க், ஆர்லன் நிப்பர் ஆகிய இருவர், எண்ணெய்க் குழாய்களைச் செய்மதி வழியாகக் கண்காணிக்க ‘எம்.கியூ.டி.டி.’ என்னும் செய்தி முறையை வகுத்தனர். வீட்டுப் பொறிகள் பல இன்று இம்முறையிற் பேசுகின்றன. இதில் ‘இறுதி விருப்பம்’ என்றொரு ஏற்பாடு உண்டு. ஒரு கருவி தொடர்பு கொள்ளும்போதே, “யான் சொல்லாமல் மறைந்தால் இதனை அறிவிக்க” என ஒரு வாசகத்தை நடுநிலையத்திடம் ஒப்படைத்துவிடும். கருவி மடிந்ததும் நடுநிலையம் அதனை அறிவிக்கும். ஆயின் அந்நடுநிலையமும் அதே வீட்டில், அதே மின்கம்பியில் இருக்குமாயின் இரண்டும் ஒருங்கே மடியும். ஆகவே வெளியே ஒரு காவலன் வேண்டும். வீடு ஐந்து நிமிடத்துக்கொருமுறை “உளேன்” என அவனுக்குக் குறிகாட்ட, குறி இரண்டு முறை தவறினால் அவன் மைந்தரை அழைப்பான். இப்போது எம் மருமகன் அவ்வாறே அமைத்துள்ளான். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்வெட்டு நிகழ்ந்த காலத்தில் பலரும் இணையப் பெட்டிக்கென வாங்கிய சிறு மின்கலப் பெட்டியும் உதவும். அதுவும் சில மணி நேரத்துக்கே. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது பல மாவட்டங்களில் மின்சாரத்தோடு தொலைத்தொடர்பும் அறுந்தமை கண்டோம். அந்நிலையில் எஞ்சுவது அயல்வீட்டார் மட்டுமே.

அறிவித்தல் செல்லும் வழியையும் அறிந்திருத்தல் நன்று. கூடத்திலுள்ள பொறி, பக்கத்து அறையிலுள்ள தொலைபேசியோடு வழக்கமாக நேரே பேசுவதில்லை. அப்பிள் 2009இலும் கூகிள் 2010இலும் திறந்த அஞ்சல் நிலையங்கள் போன்ற வழங்கிகளுக்கு அது செய்தியை ஒப்படைக்கும். அவை தொலைபேசிக்குச் சேர்ப்பிக்கும். ஆகவே வெள்ளவத்தையில் எழுந்த செய்தி, கடல் கடந்து சென்று மீண்டே நுகேகொடையை அடைகிறது. இணையம் அற்றால் அடுத்த அறைக்கும் அது போகாது. வீட்டினுள்ளேயே ஒலிக்கும் ஒரு மணி வேண்டுமென்பது இதனாலேயே. மற்றொன்று: அரசாங்கங்கள் இவ்வஞ்சல் நிலையங்களிடமிருந்து அறிவித்தற் பதிவுகளைக் கேட்டுப் பெறுகின்றன என்பதை 2023 டிசம்பரில் அமெரிக்க மூதவை உறுப்பினர் ரொன் வைடன் வெளிப்படுத்தினார். பூட்டிய தொலைபேசியின் முகப்பிலும் வாசகம் தோன்றுதல் உண்டு. ‘வீட்டில் எவருமில்லை’ போன்ற தொடர்களை எழுதாதிருத்தல் அறிவுடைமை.

“பொறி எதற்கு? நம் முன்னோர் அயலாரோடு கூடி வாழவில்லையா?” என வினவுவார் உளர். அவர் கூற்றில் உண்மையுண்டு. ஆயின் தொடர்மாடிக் கதவுகள் மூடியே கிடக்கும் இக்காலத்தில் அயலார் தாமாக அறிதல் இயலாது. பொறி அவரை அழைக்கட்டும். “எல்லாவற்றையும் அறிவித்தாற்றான் தாய்க்குப் பாதுகாப்பு” என்பார்க்கு எம் தமக்கையாரின் வாய்மொழியையே விடையாகத் தருவோம். மருத்துவமனையிலிருந்து வந்த அன்று அவர் எம்மை நோக்கி, “தம்பி, நான் தேத்தண்ணி குடிச்சது கனடா வரைக்கும் போச்சுது, விழுந்தது மட்டும் எதிர்வீட்டுக்குப் போகேல்லை” என்றார். முதியவர் ஒவ்வொரு முறை எழுவதும் நடப்பதும் பிள்ளைகளின் கைக்குப் போகவேண்டியதில்லை. அது பாதுகாப்புமன்று, மதிப்புமன்று. எவற்றை அறிவிப்பதென அவரையே கேட்டு, அவர் இசைந்தவற்றை மட்டும் அமைத்தல் முறை.

பழைய மாணவர் சங்கத்தார்க்கு ஒரு வேண்டுகோள். எமது கல்லூரியின் இளைய தலைமுறையினருட் கணினித் துறையில் வல்லார் பலர் கொழும்பிலேயே உளர். அவருட் சிலர் மாதத்தில் ஒரு ஞாயிறு முன்வந்து, தனித்து வாழும் மூத்த பழைய மாணவர் இல்லங்களுக்குச் செல்வாராக. அங்கே முதலில் தேவையற்ற அறிவித்தல்களை அழிப்பாராக. பின் எதிர்வீட்டாரின் எண்ணைப் பட்டியலின் தலைப்பில் எழுதுவாராக. பின் மின்சாரத்தை நிறுத்திப் பார்த்து, வெளியேயுள்ள காவலன் அழைக்கின்றானா எனச் சோதிப்பாராக. இதற்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. ஒரு பிற்பகல் போதும். எம் தமக்கையார் வீட்டில் இச்சோதனையை மாதந்தோறும் முதல் ஞாயிறன்று நாம் செய்துவருகிறோம். மணி ஒலித்ததும் எதிர்வீட்டு அம்மையார் திறப்புடன் வந்துவிடுவார். பின் மூவரும் தேநீர் அருந்துவோம். அத்தேநீரைப் பற்றி ரொறொன்ரோவுக்கு எவரும் இப்போது அறிவிப்பதில்லை.